சத்தம் வந்தது, படம் வரவில்லை

மாமா,

நேற்று கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். டி.வி. அலமாரியின் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் திறந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"யக்கா, உள்பக்கம் இன்னாமோ எழுதி ஒட்டிக்கீது. கிழிச்சிடட்டுமா?"

போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தைத் தொடாமல் தனித்தனியாக நிற்கிற உங்கள் கையெழுத்து. நீலப் பேனா. 'கேசட்டு பார்க்க, பொட்டி: வி.சி.ஆர். டி.வி: ஏவி ஒன்று. டி.வி.டி. பார்க்க, பொட்டி: டி.வி.டி. டி.வி: கம்போனட்.' கம்போனன்ட் என்பதில் ஓர் எழுத்தைக் காணோம். ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அடியில் இன்னொரு தாள் இருந்தது. அது நான் எழுதியது. அதே வரிகள், அதே வரிசை. அதிலும் 'கம்போனட்' தான். அவசரத்தில் நான் விட்டதை நீங்களும் அப்படியே பார்த்து எழுதி, என் தாளின் மேலேயே பசை தடவி ஒட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் மேல் வர வேண்டிய கோபமெல்லாம் வந்து தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பழையபடி பற்றிக்கொண்டு வந்தது. பெயின்ட்காரர், "இன்னாக்கா, எதுனா முக்கியமான காகிதமா?" என்றார்.

"இல்ல. எங்க மாமனாரு," என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நீங்கள் இருந்தவரை உங்கள் எதிரில் நின்று ஒரு கோபத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை நான். பாதியிலேயே "உள்ள போம்மா" வந்துவிடும். இப்போது உள்ளே போகச் சொல்ல யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தையின் தம்பி மஸ்கட்டிலிருந்து அந்தப் பொட்டியை, ஹோம் தியேட்டர் ரிசீவரைக் கொண்டுவந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அட்டைப்பெட்டியை யாரையும் தொட விடாமல் நீங்களே வாசலிலிருந்து தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தீர்கள். கறுப்புப் பெட்டி, ஐந்து ஸ்பீக்கர், முக்காலி அளவுக்கு ஒரு சப்-ஊஃபர். பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க ஓட்டைகள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். அத்தையின் தம்பி ஒரு மணி நேரம்தான் இருந்தார். காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனதை நீங்கள் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டீர்கள்.

"மச்சான் சொல்லிட்டான். டி.வி.டி., வி.சி.ஆர். எல்லாத்தையும் இதுல குத்திடணும். இதுல இருந்து டிவிக்கு ஒரே ஒயரு. அவ்ளோதான்."

அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே நான் எழுதிப் போட்டிருந்த ஒரு விண்ணப்பத்துக்கு, ஏனாத்தூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து பதில் வந்தது. எலக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர் வேலை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தது அதற்குத்தான். கடிதத்தை நீங்கள்தான் பிரித்தீர்கள். இரண்டு முறை படித்தீர்கள். மடித்தீர்கள்.

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க சம்பளத்துக்குப் போனது கெடையாதும்மா. இங்க இன்னா கொறச்சல் உனக்கு?"

குறைச்சல் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். உங்கள் பிள்ளை ஷிப்டு முடிந்து வந்து கேட்டுவிட்டு, "அப்பா சொன்னா கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம் உமா," என்றார். கடிதம் உங்கள் பீரோவுக்குள் போனது. பீரோ சாவி உங்கள் இடுப்புக் கயிற்றில்.

ரிசீவரோடு வந்த புத்தகமும் அதே பீரோவுக்குள்தான் போனது. நிலத்துப் பத்திரங்களோடு. "புக்கு போனா பொட்டி போச்சுன்னு மச்சான் சொல்லிக்கீறான்," என்றீர்கள். எதை எங்கே குத்துவது என்று எழுதியிருக்கிற ஒரே புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, எதை எங்கே குத்துவது என்று ஆறு வாரம் தேடினீர்களே மாமா. அதை நான் அடுக்களை வாசலில் நின்று ஆறு வாரமும் பார்த்தேன்.

முதல் நாள் நினைவிருக்கிறது. நாஷ்டா முடிந்து நீங்களும் உங்கள் பிள்ளையும் கேபிள் தனசேகரும் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் காபி கொண்டுவந்தேன். டி.வி.டி. பிளேயரின் அவுட்டிலிருந்து வந்த ஒயரை ரிசீவரின் அவுட்டில் செருகிக்கொண்டிருந்தீர்கள். டி.வி.யின் இன்னிலிருந்து ஒன்றை இழுத்து ரிசீவரின் இன்னில் செருகியாயிற்று.

"மாமா, அவுட்டுல இருந்து வர்றது இன்னுக்குத்தான் போவணும்," என்றேன்.

"அது எப்படிம்மா? அவுட்டு அவுட்டோட, இன்னு இன்னோட. அதது அததோடதான் சேரும்."

"தண்ணி மாதிரி மாமா. மோட்டாருல இருந்து வெளிய வர்றது தொட்டிக்கு உள்ள போவுது. தொட்டியில இருந்து வெளிய வர்றது கால்வாய்க்கு உள்ள போவுது. டி.வி.டி.தான் மோட்டாரு. இந்தப் பொட்டி தொட்டி. டிவி..."

"உள்ள போம்மா. ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுது."

தனசேகர் சிரித்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் உத்திரமேரூர் பஜாரிலிருந்து சலீம் பாய் வந்தார். இருபது வருஷமாக ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிறவர். அவர் ஸ்கூட்டரை நிறுத்திச் செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். "பாய், இது தண்ணி மாதிரி. மோட்டாருல இருந்து வர்றது தொட்டிக்குப் போவணும் பாரு." நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

பாய் பொறுமையானவர். அரை நாள் உட்கார்ந்து டி.வி.டி.யைச் சரியாக வரவழைத்தார். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தலை உள்ள ஒயர் ஒன்று டி.வி.டி.யிலிருந்து பெட்டிக்கு. அதே மாதிரி இன்னொன்று பெட்டியிலிருந்து டி.வி.க்கு. படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் வி.சி.ஆர். பழசு. அதற்கு இருப்பது ஒற்றை மஞ்சள் ஒயர்தான். அதையும் பெட்டியில் அதற்கான இடத்தில் செருகினார். கேசட்டைப் போட்டால் சத்தம் ஐந்து ஸ்பீக்கரிலும் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை. வெறும் நீலம்.

"அண்ணே, புக்கு இருந்தா குடுங்க," என்றார் பாய்.

"புக்கு பத்திரமா கீது."

"பத்திரமா இருந்தா நான் எப்படிண்ணே பாக்குறது?"

"இங்கிலீசுல கீது பாய்."

"உங்க மருமக படிச்ச பொண்ணுதானே. அது பாத்துச் சொல்லட்டுமே."

"அதுக்குச் சமையக்கட்டுல வேல கீது," என்றீர்கள். எனக்கு அன்று சமையல் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கடைசியில் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, வீடியோ போர்டு போயிருக்கும், மெட்ராசுக்கு எடுத்துக்கொண்டு போனால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் முகம் அன்று செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கழனியிலிருந்து வந்து, கால் கழுவி, உங்கள் மகள் மீனாவின் கல்யாணக் கேசட்டைப் போட்டுவிட்டு நீலத் திரையின் முன்னால் உட்காருவீர்கள். ஐந்து பக்கத்திலிருந்தும் நாகஸ்வரம் வரும். ரிமோட்டை அமுக்குவீர்கள். எழுந்து ஒயரை ஆட்டுவீர்கள். மறுபடி உட்காருவீர்கள். அத்தை சப்-ஊஃபரின் மேல் முறத்தை வைத்து அரிசி பொறுக்குவார். நாகஸ்வரம் ஓங்கும்போது முறத்தில் அரிசி நடுங்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "வி.சி.ஆர்.ஐ மட்டும் பழையபடி நேரா டிவியில குத்திடலாமே மாமா," என்றேன்.

"அப்போ இந்தப் பொட்டி எதுக்கு?" என்றீர்கள்.

எனக்கு ஏறக்குறைய காரணம் தெரிந்திருந்தது. ஆனால் உறுதியாகத் தெரிய ஒரு பக்கம் படிக்க வேண்டும், அந்தப் பக்கம் பீரோவில் இருந்தது. அத்தையிடம் சாவியைக் கேட்டு வாங்கித் தரச் சொன்னேன். "அந்தச் சாவிய நானே தொட்டதில்லடி, இருவத்தெட்டு வருசமா," என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யாததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கூரத்திலிருந்து மீனாவின் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மீனாவுக்கு அப்போது ஆறு மாதம். வளைகாப்புக்கு நாள் பார்க்க வந்தார்கள். ஆனால் சம்பந்தியம்மா வந்தது அதற்கு மட்டும் இல்லை. அடுக்களைக்கு வந்து, நான் அப்பளம் பொரிப்பதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உமா, மீனா சொல்லிச்சி, உங்க வூட்டுக் கேசட்டு நல்லா கீதாமே. எங்களுது பூஞ்ச பூத்து வீணாப் போச்சும்மா. அதுல எங்க பிரபு பந்தியில பரிமாறினு இருப்பான். போட்டோல கீறான். போட்டோ நெறைய கீது. ஆனா நடக்குறதப் பாக்கணும் போலக் கீது."

பிரபு அவருடைய இளைய பிள்ளை. மீனாவின் கொழுந்தன். அதற்கு முந்தின வருஷம் வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதிப் போய்விட்டான். இருபத்து மூன்று வயது.

"மாமா கிட்ட கேட்டீங்களாம்மா?" என்றேன்.

"கேட்டேன். 'ஜம்முனு பாக்கலாம், பெரிய டிவியில போட்டுக் காட்டுறேன்'னாரு."

எனக்கு எண்ணெயில் அப்பளம் கருகிவிட்டது. ஆறு வாரமாக வராத படத்தை ஜம்மென்று காட்டுவதாகப் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவிடம் எப்படி மாமா சொன்னீர்கள்? அன்றைக்கு மட்டும் அது தானாக வந்துவிடும் என்று நினைத்தீர்களா? நினைத்திருப்பீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தீர்கள். முதலில் டி.வி.டி.யில் ஏதோ ஒரு படத்தில் ரயில் வருகிற இடத்தைப் போட்டீர்கள். சம்பந்தி திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு அதில் பெருமை. பிறகு கேசட்டைச் செருகினீர்கள். ரிமோட்டில் வி.சி.ஆர். என்று அமுக்கினீர்கள். நாகஸ்வரம் வந்தது. நீலம் வந்தது.

"இப்ப வந்துடும்," என்றீர்கள். உங்கள் பிள்ளை ஒயரை ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் அழுத்து," என்றீர்கள். அழுத்தினார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நாகஸ்வரம் முடிந்து, வீடியோக்காரர் மேலே சேர்த்திருந்த சினிமாப் பாட்டு தொடங்கியது. சம்பந்தியம்மா முந்தானையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

"பரவால்லீங்க," என்றார். "சத்தமாவது வருதே. இது அவன் போடச் சொன்ன பாட்டுதான். வீடியோகாரு பின்னாடியே போயி சொன்னான்."

நான் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன். கூடத்துக்குள் போனேன்.

"மாமா, கொஞ்சம் நவுருங்க."

"உள்ள போம்மா."

"போவல. புக்கு குடுங்க."

சம்பந்தி மின்விசிறியைப் பார்த்தார். உங்கள் பிள்ளை "உமா" என்றார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது அடுக்களை வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சாவியக் குடுங்க."

நீங்கள் திரும்பி, இது யார் என்பது போல அவரைப் பார்த்தீர்கள். சாவியைத் தரவில்லை. எழுந்துபோய் நீங்களே பீரோவைத் திறந்தீர்கள். புத்தகத்தை இழுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு என் வேலைக் கடிதமும் வந்தது. அதை மட்டும் உருவித் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினீர்கள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். வீடியோ இணைப்புகள் என்று ஒரு படம். அதன் கீழே பொடி எழுத்தில் நான் நினைத்ததேதான் இருந்தது. மஞ்சள் வழியாக உள்ளே வருவது மஞ்சள் வழியாகத்தான் வெளியே போகும். மூன்று நிறத்தில் வருவது மூன்று நிறத்தில்தான் போகும். ஒன்றை இன்னொன்றாக இந்தப் பெட்டி மாற்றித் தராது. டி.வி.க்கு ஒரே ஒயர் என்று அத்தையின் தம்பி சொன்னது தப்பு. போர்டு போய்விட்டது என்று பாய் சொன்னதும் தப்பு. வி.சி.ஆர். படம் ஆறு வாரமாகப் பெட்டிக்குள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. வெளியே போக அதற்கு ஒரு மஞ்சள் ஒயர் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் வேறு மஞ்சள் ஒயர் இல்லை. பழைய டேப் ரெக்கார்டரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று தொங்கியது. அதைப் பிடுங்கி, சிவப்புத் தலையைப் பெட்டியின் மானிட்டர் அவுட் என்று எழுதியிருந்த மஞ்சள் ஓட்டையில் வைத்தேன்.

"செவப்பு ஒயருல மஞ்ச எப்படிம்மா வரும்?" என்றீர்கள். அந்த நிலைமையிலும் கேட்டீர்கள்.

"நெறம் பெயின்ட்டுதான் மாமா. உள்ள செம்பு."

மறுமுனையை டி.வி.யின் பின்னால் செருகினேன். இந்த முறை பெட்டியின் ரிமோட்டை அல்ல, டி.வி.யின் ரிமோட்டை எடுத்து ஏவி ஒன்று என்று வரும்வரை அமுக்கினேன். திரை ஒருமுறை உருண்டு நின்றது. வாழைமரம் கட்டிய வாசல். சந்தனக் கிண்ணத்தோடு மீனாவின் சித்தி.

பந்தி வரும்வரை ஓட்டினேன். பிரபு சாம்பார் வாளியோடு வரிசையின் கோடியிலிருந்து வந்தான். நான்கு இலைக்கு ஊற்றினான். கேமராவைப் பார்த்ததும் கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு, சிரித்தபடி அந்தப் பக்கம் நடந்து போனான். பத்து விநாடி இருக்கும்.

"இன்னொரு தபா போடும்மா," என்றார் சம்பந்தியம்மா. என்னிடம் சொன்னார், உங்களிடம் இல்லை.

நான்கு முறை போட்டேன். மூன்றாவது முறை சம்பந்தி எழுந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா அழவில்லை. திரைக்குக் கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எடது கால கொஞ்சம் சாச்சி வெச்சிதான் நடப்பான்," என்றார். "எனக்கு மறந்தே போச்சு பாரேன்."

சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது சம்பந்தி உங்களைக் கேட்டார், பெட்டிக்கு என்னதான் ஆகியிருந்தது என்று. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்.

"லூஸ் கனெக்‌ஷன். மருமவ தட்டிச்சி, வந்துடிச்சி."

லூஸ் கனெக்‌ஷன்! நான் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை மாமா. அன்று அந்தத் தட்டுமுட்டுச் சாமான் எதையாவது எடுத்து எறியலாம் போல இருந்தது. அவர்களைப் பஸ் ஏற்ற நீங்கள் கூடப் போனீர்கள். திரும்பி வந்ததிலிருந்து ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவீர்கள். தண்ணீர் வேண்டுமானால் அத்தையைக் கூப்பிடுவீர்கள். தப்பு செய்தது நான் என்பது போல வீடே நடந்துகொண்டது.

பத்தாம் நாள், தூசு தட்டுகிறேன் என்று எல்லா ஒயரையும் பிடுங்கினீர்கள். நீங்களே திரும்பச் செருகினீர்கள். அரை மணி கழித்து அடுக்களை வாசலில் வந்து நின்றீர்கள், என்னைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்தபடி.

"யம்மா. அந்த மஞ்சளு எங்க போச்சின்னு பாரு."

பார்த்தேன். அடுத்த வாரமும் பார்த்தேன். செருகுவது ஒரு பக்கம் இருக்க, பெட்டியில் வி.சி.ஆர். என்று மாற்றினால் டி.வி.யையும் ஏவி ஒன்றுக்கு மாற்ற வேண்டும் என்பது உங்கள் மண்டையில் ஏறவே இல்லை. "ஒரே ரிமோட்டுல வரணும்," என்பீர்கள். "ரெண்டு எதுக்கு?" என்னை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவீர்கள். அதனால்தான் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் உங்கள் தாள். என் கையெழுத்தைப் பார்த்து டி.வி. போட்டால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு?

அந்த மாதமே சலீம் பாய் வேறு வேலையாக வந்தார். நீங்கள் அவரை உட்கார வைத்து விளக்கினீர்கள். "மஞ்ச வழியா வந்தது மஞ்ச வழியாத்தான் போவும் பாய். பொட்டி மாத்தித் தராது. நெறம் பெயின்ட்டுதான், உள்ள செம்பு." பாய் என்னை ஒருமுறை பார்த்தார். "கரெக்டுண்ணே," என்றார். போகும்போது தண்ணீர் கேட்கிற சாக்கில் என்னிடம் வந்தார்.

"போர்டு போச்சுன்னு நான் சொன்னது தப்பும்மா. எனக்குத் தெரியல. மெட்ராசுக்குத் தூக்கினு போயிருந்தா வீணா பேஜாராயிருக்கும்."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு உங்களுக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. சுற்றுப்பட்டில் யார் வீட்டுக்கு டி.வி.டி. வந்தாலும், "எம் மருமவ வந்து போட்டுத் தரும்," என்று நீங்களே வாக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள். என்னைக் கேட்பதில்லை. உங்கள் மொபெட்டின் பின்னால் கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு மானாம்பதி வரை போயிருக்கிறேன். நான் டி.வி.யின் பின்னால் தூசியில் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் நாற்காலியில் காபி குடித்தபடி, "அவுட்ட இன்னுல குத்தும்மா," என்று வேலை வாங்குவீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் உங்களுக்குத்தான் நன்றி சொல்வார்கள். இத்தனைக்கும் அந்தப் பயணங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரை ரோட்டில் காற்று அடிக்கும். நீங்கள் ஒன்றும் பேசமாட்டீர்கள். நானும் பேசமாட்டேன்.

வேலையைப் பற்றி நீங்கள் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அதே கல்லூரியில் இன்னோர் இடம் காலியானது. இந்த முறை உங்களைக் கேட்கவில்லை. உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். கிடைத்த பிறகு சாயங்காலம் வந்து சொன்னேன். "திங்கக்கெழமல இருந்து வேலைக்குப் போறேன் மாமா." சண்டைக்குத் தயாராகப் பதில்களை அடுக்கிவைத்திருந்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏழே காலுக்கு ஒரு வண்டி கீது. காஞ்சிபுரத்துல எறங்கி மாறணும்," என்றீர்கள்.

போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. பஸ் நேரம். அடுக்கிவைத்த பதில்களை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்த இரண்டு வருஷம் எனக்குத் திரும்பி வரவில்லை மாமா. முதல் கடிதத்தின்போதே சேர்ந்த என் வகுப்புத் தோழி இன்று எனக்கு மேலே இருக்கிறாள். என் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள்.

ஓர் ஐப்பசியில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்கள். மூன்று நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாத்திரை நேரம் கேட்டீர்கள், கழனியில் தண்ணி பாய்ச்சியாயிற்றா என்று கேட்டீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

காரியத்துக்குச் சம்பந்தியம்மா வந்திருந்தார். பந்தி முடிந்து நாங்கள் இரண்டு பேரும் வாழை இலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்.

"நல்ல மனுசன். அன்னிக்குக் கேசட்டு பாத்துட்டு எங்கள பஸ் ஏத்த வந்தாரு பாரு, அப்ப எங்கிட்ட சொன்னாரு. 'இந்தப் பொண்ண அப்பவே வேலைக்கு அனுப்பியிருக்கணும். நான்தான் தப்பு பண்ணிட்டேன்'னு."

நான் கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டேன்.

"எப்பம்மா? அந்த ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா. அன்னிக்கேதான். உங்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேனே."

அன்றைக்கே. லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பஸ் நிறுத்தத்தில், வெளியூர் போகிற ஓர் அம்மாவிடம் சொல்ல முடிந்தது. திரும்பி வந்து ஒன்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம். நான் ஒரே வீட்டில், கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்தேன். உங்களுக்குச் சாப்பாடு போட்டேன். உங்கள் பின்னால் வண்டியில் உட்கார்ந்து வந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எங்கே மாமா தவறினீர்கள்? எந்த இடத்தில் உங்களுக்கு நேரம் போதவில்லை?

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் பிள்ளையிடமும் சொல்லவில்லை. அவர், "அப்பா மனசுல வெச்சிருந்தாரு பாத்தியா," என்று கண் கலங்குவார். எனக்கு அது வேண்டாம்.

போன மாதம் லேபில் ஒன்று நடந்தது. ஒரு பவர் சப்ளை எரிந்துபோயிற்று. மாணவர்கள் முப்பது பேர் நிற்க, புதிதாகச் சேர்ந்திருக்கிற உதவியாளர் சரளாவை நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவள் ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றினாள். மதியம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, காலையில் வோல்டேஜ் அளவை மாற்றிவைத்துவிட்டு மறந்துபோனது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் போவதில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். மறுநாள் சொல்லலாமா என்று யோசித்தேன். வேறு யாரிடமாவது சொன்னால் மனசு ஆறிவிடும் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றிய உடனே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே எழுந்தேன். பிற்பகல் வகுப்புக்கு அதே முப்பது பேர் வந்து உட்கார்ந்ததும் முன்னால் போய் நின்றேன்.

"காலையில எரிஞ்சதுக்குக் காரணம் சரளா இல்ல. தப்பு என்னுது. நான்தான் அளவ மாத்தி வெச்சிட்டேன்."

ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சரளா, "பரவால்ல மேடம்," என்றாள். கையிலிருந்த ஒயரைச் சுற்றிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை மாமா. எனக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் அன்று சொல்லி முடித்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். கூரத்து பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது உங்கள் கையும் நடுங்கியதா என்று சம்பந்தியம்மாவைக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

உமா